சுத்துற கட்டருக்கு ஜுரம் பார்ப்பது எப்படி?

மெக்கானிக்கல் மக்களே... வைவாவுல 'கட்டிங் டெம்பரேச்சரை எப்படி அளப்பீங்க?'ன்னு கேட்டா, 'தெர்மோகப்பிள் சார்'னு ஒரே வார்த்தையில தப்பிச்சுடுவோம். லேத்தா இருந்தா ஓகே. அங்கே டூல் தேமேன்னு நிக்கும், ஒயரைப் பதிச்சிடலாம். மில்லிங்கில் சுத்துறதே டூல்தானே? ஒயரும் பம்பரக் கயிறு மாதிரி சுத்திக்கும்!

ஒரு கட்டர் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுன்னு வெச்சுக்குங்க. ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்டுதான். எண்ட் மில்லில் ஒரு பல் இரும்பைக் கடிப்பது அதிகபட்சம் அதில் பாதி நேரம். மீதி நேரம் காத்துல ஆறும். அதாவது செகண்டுக்கு 50 தடவை சூடாகி, 50 தடவை ஆறுது. சாதாரண தெர்மோகப்பிள் முழிச்சுப் பார்க்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். அது காட்டுவது வெறும் சராசரி.

விவகாரமே அந்த ஏற்ற இறக்கத்துலதான் இருக்கு. கார்பைடு டிப் நல்லா சூடு தாங்கும். ஆனா சூடும் குளிரும் மாறி மாறி வந்தா தாங்காது. ஸ்டீலை வெட்டும்போது கூலண்டைப் பீய்ச்சினா, பல் வெளியே வர்ற நேரம் சடார்னு குளிர்ந்து, விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வரிசையா விரிசல் விழும். அதனாலதான் இந்த வேலைக்குப் பல இடங்கள்ல கூலண்டை நிறுத்திட்டுக் காத்து மட்டும் அடிக்கிறாங்க. (டைட்டானியம் வேற கதை. அது வெப்பத்தைச் சரியாக் கடத்தாது, சூடு டூல் மேலயே தங்கும். அங்கே கூலண்ட் வேணும்.)

எங்க குருவிகுளம் பக்கம் அருவா அடிக்கிற ஆசாரி, நிறத்தைப் பார்த்தே எப்போ தண்ணியில தோய்க்கணும்னு சொல்லிடுவார். மெஷின் ஷாப்பிலும் அதே டெக்னிக்தான். ஸ்டீல் சீவல் நீலமா வந்தா சுமார் 300 டிகிரியைத் தொட்டிருக்குன்னு அர்த்தம். ஆனா அது சீவலோட சூடு. வெட்டு முனை அதைவிடப் பல நூறு டிகிரி மேல இருக்கலாம். டிப் உடைஞ்சா திட்டு வாங்குறது ஐ.டி.ஐ. முடிச்சிட்டு வந்த ஆபரேட்டர் அண்ணன்தான். அவருக்கு நிறத்தைத் தவிர வேற என்ன கருவி கொடுத்தோம்?

டூல் ஹோல்டருக்குள்ள ரேடியோ டிரான்ஸ்மிட்டர் வெச்சு ஒயரில்லாம அளக்கலாம், காஸ்ட்லி. இன்ஃப்ராரெட் கேமராவும் இருக்கு. பளபளக்கிற உலோகம் அதை ஏமாத்தும், பறக்கிற சீவல் வேற மறைக்கும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு என் ஓட்டு, உல்டா வழிக்கு. ஜாப் சுத்தாதே! அதில் மெல்லிய துளை போட்டு கே டைப் ஒயரைப் பதிங்க. கட்டர் நெருங்க நெருங்க ரீடிங் ஏறும். கிடைப்பது ஜாபோட சூடுதான், பல் முனையோடது இல்ல. அதை ரிப்போர்ட்ல மறைக்காம எழுதுங்க. காலேஜ்ல தூசி படிஞ்சு நிக்கிற பழைய எச்.எம்.டி. மில்லிங் மெஷினே இதுக்குப் போதும் பாஸ்!