பிஞ்சு வெம்புவதும் தவக்குலும்

பூசணிப் பிஞ்சுகள் வெம்பி உதிர்ந்தால், கண்ணேறு பட்டதென்று கொடியில் தாயத்து கட்டுவோர் நம்மிடையே இன்னும் உளர். கண்ணேறு உண்மையென்றே நாம் நம்புகிறோம். ஆயினும் உதிரும் பிஞ்சுக்கெல்லாம் அதனைக் காரணமாக்குவது சோம்பல். பிஞ்சுடன் தோன்றுவது பெண்பூ. ஆண்பூவின் மகரந்தம் அதனை அடையாவிடில் பிஞ்சு வெம்பவே செய்யும்.

மதீனாவில் பேரீச்சையின் ஆண்பாளையைப் பெண்பாளையுடன் சேர்த்தோரைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதனால் பயன் விளையுமெனத் தாம் கருதவில்லை என்றார்கள். மக்கள் அதனைக் கைவிட்டனர், விளைச்சல் குன்றியது. அது தமது ஊகமே என்றும், உலகக் காரியங்களை அம்மக்களே நன்கறிவர் என்றும் நபியவர்கள் தெளிவுபடுத்தியதாக ஸஹீஹ் முஸ்லிமின் அறிவிப்புகளில் காண்கிறோம். மத்ரஸாவில் இந்நபிமொழியை ஓதிக்கொடுக்கும் நாமே நம் கொல்லையில் அதனை மறந்துவிடுகிறோம். மகரந்தம் சேர்ப்பது தவக்குலுக்கு மாறானதன்று. சேர்த்தபின் காய் பிடிப்பதை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல்.

பூசணிப்பூ விடியலில் மலர்ந்து முற்பகலிலேயே வாடும். ஆகவே பஜ்ருத் தொழுது திரும்பியதும் ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் களைந்து, பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெல்லத் தடவலாம். பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்பவை. அவற்றுக்கு அஸருக்குப் பிந்திய பொழுதே உகந்தது. காலையில் பூச்சிமருந்து தெளித்துவிட்டுத் தேனீ வரவில்லையே என ஏங்குவோரும் உளர்! ஓர் ஆண்பூ இரண்டு பெண்பூக்களுக்குப் போதும். எஞ்சியவற்றைத் தேனீக்களுக்கு விட்டுவைப்போம்.