திறமை இருந்தால்தான் இடமா?

மூளை வேறு விதமாக இயங்கும் குழந்தைக்குக் கடவுள் ஒன்றைக் குறைத்தாலும் இன்னொன்றைக் கூட்டிக் கொடுத்திருப்பார் என்ற நம்பிக்கை தமிழகத்தில் வேரூன்றியிருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளை கணக்கில் புலியாக இருக்கும், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை ஓவியத்தில் பெயர் வாங்கும், ஓரிடத்தில் உட்காராத ஏ.டி.எச்.டி. பிள்ளை பின்னாளில் பெரிய தொழிலதிபராகும் என்று உறவினர்கள் பெற்றோரைத் தேற்றுகிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் சொல்லப்படுவது பொய். அந்தப் பொய் குழந்தையின் தலையில் ஒரு நிபந்தனையை ஏற்றிவைக்கிறது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில், நாள் கூலியை நம்பி வாழும் வீடுகளில், அந்தச் சுமை இன்னும் கடுமையானது.

இந்த நம்பிக்கையை உலகெங்கும் பரப்பியதில் 1988இல் வெளிவந்த ‘ரெயின் மேன்’ திரைப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் நாயகனுக்கு ஆட்டிசம்; நினைவாற்றலோ அபாரம். அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த அமெரிக்கர் கிம் பீக்குக்கு ஆட்டிசம் இல்லை என்பதே பின்னாளில் மருத்துவர்கள் வந்தடைந்த முடிவு. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை இல்லாமலே பிறந்தவர் அவர். தமிழர்கள் ஆட்டிசம் உள்ள மேதைகளின் பட்டியலில் கணித மேதை இராமானுஜனையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இராமானுஜன் இறந்தது 1920இல். ஆட்டிசத்தை மருத்துவர் லியோ கானர் தனி நிலையாக விவரித்துக் கட்டுரை எழுதியது 1943இல். இறந்துபோனவருக்கு நூறாண்டு கழித்து ஊகத்தில் சூட்டும் பெயரை வைத்து, உயிரோடிருக்கும் ஒரு குழந்தையின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. வியப்பூட்டும் தனித்திறன் ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்பதே நீண்டகாலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மற்ற ஒன்பது பேரும் சராசரி மனிதர்கள். சராசரியாக இருப்பது குற்றமில்லை.

இவர்களுக்குப் பலமே கிடையாது என்பது இதன் பொருளன்று. மறைந்திருக்கும் உருவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் மற்றவர்களை விடச் சிறப்பாகச் செய்ததை ஆய்வாளர்கள் அமிதா ஷா, ஊட்டா ஃபிரித் இருவரும் 1983இல் பதிவுசெய்தனர். முழுமையை விட நுணுக்கத்தை முதலில் பிடிக்கும் கண் அது. ஆனால் அப்படிப்பட்ட புலன்களுக்குப் பலவேளைகளில் வேண்டாததை ஒதுக்கத் தெரியாது. டியூப்லைட்டின் இரைச்சல், பக்கத்தில் ஓடும் விசிறி, வியர்வை நாற்றம் எல்லாம் ஒரே வேகத்தில் உள்ளே வந்து நாள் முடிவதற்குள் ஆளைச் சாய்த்துவிடும். பலமும் துன்பமும் பலருக்கு ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஒன்றை மட்டும் பிடுங்கி எடுத்து மெச்சுவதில் பயனில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர் சிட்கோ ஆகிய தொழிற்பேட்டைகளின் வேலையை இதனோடு பொருத்திப் பார்க்க வேண்டும். உருக்காலையிலும் பிரஸ் ஷாப்பிலும் எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல் வரை ஓசையை இந்தியத் தொழிற்சாலை விதிகள் அனுமதிக்கின்றன. காது செவிடாகாமல் காக்க வகுத்த வரம்பு அது. ஓசையே வலியாகத் தெரியும் தொழிலாளியை மனத்தில் வைத்து அதை யாரும் வகுக்கவில்லை. ஷிப்டு மாறி மாறி வருவது யாருக்கும் உடலைக் கெடுக்கும். தூக்கக் கோளாறு இயல்பாகவே மிகுந்திருக்கும் ஏ.டி.எச்.டி.க்காரருக்கு அது வேலையையே பறித்துவிடும். ‘படிப்பு ஏறல’ என்று பள்ளியை விட்டு நின்று கான்ட்ராக்டில் சேரும் இளைஞர்களில், டிஸ்லெக்சியா கண்டறியப்படாமலே போனவர்களும் உண்டு. ஜாப் கார்டையும் பாதுகாப்பு அறிவிப்பையும் படிக்கத் தடுமாறுவதை அவர்கள் வெளியில் சொல்வதில்லை. சொன்னால் வேலை போகும். இயந்திரத்தின் அருகில் அந்த மௌனம் விரலையும் கையையும் காவு கேட்கக்கூடியது. இவர்களுக்கு வேண்டியது காதடைப்பான், மாறாத ஷிப்டு, வாய்மொழியாகத் தரும் உத்தரவு, படம் போட்ட பலகை ஆகியவைதாம். வடமாநிலத் தொழிலாளர் நிறைந்த ஆலைகளுக்குப் படப் பலகை புதுமை ஒன்றுமில்லை.

தனித்திறமை நம்பிக்கை முதலில் கெடுப்பது குழந்தைப் பருவத்தை. இரண்டு வயதிலும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ‘இவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான், இவனுக்கு வேற ஏதோ திறமை இருக்கு’ என்ற சொல் அந்தப் பயணத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறது. 2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரின் வளர்ச்சித் தாமதங்களைக் கண்டறிந்து மாவட்ட அளவிலான இடையீட்டு மையங்களுக்கு அனுப்ப வேண்டும். மையம் இருந்தாலும், பேச்சுப் பயிற்சிக்கு வாரந்தோறும் போவதென்றால் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில், சென்னைக்குத் தெற்கே இருக்கிறது. கும்மிடிப்பூண்டியோ மாநகரின் வடகோடிக்கும் அப்பால். பேச வேண்டியது இந்தத் தூரத்தையும் இந்தக் கூலியையும் பற்றி.

வேலைக்கு வரும்போதும் இதே நம்பிக்கை குறுக்கே நிற்கிறது. டென்மார்க்கில் 2004இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டர்னே நிறுவனம், 2013இல் எஸ்.ஏ.பி. நிறுவனம் அறிவித்த திட்டம் ஆகியவை ஆட்டிசம் உள்ளவர்களை மென்பொருள் சோதனை போன்ற பணிகளுக்கு எடுத்தன. வரவேற்கத்தக்க முயற்சிகள்தாம். ஆனால் நிறுவனத்துக்கு ஆதாயம் தரும் திறமை இருப்பதால் வேலை என்ற வாதம், அந்தத் திறமை இல்லாதவரை வாசலிலேயே நிறுத்திவிடும். பேக்கிங் பிரிவில் அட்டைப் பெட்டி மடிக்க விரும்பும் இளைஞருக்கு அதில் இடமில்லை.

சட்டம் திறமையைக் கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் தன் 21 நிலைகளில் சேர்த்திருக்கிறது. ஏ.டி.எச்.டி. அந்தப் பட்டியலில் இல்லை. அது சரிசெய்யப்பட வேண்டிய குறை. தேவையான, பொருத்தமான மாற்றத்தைச் செய்து தர மறுப்பதையே பாகுபாடு என்று இச்சட்டம் வரையறுக்கிறது. எழுதுவதில் குறைபாடு உள்ள மாணவிக்கு நீட் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்டபோது, அது தவறு என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மேதையா என்று நீதிமன்றம் கேட்கவில்லை.

தனியார் ஆலைகளுக்கும் கடமை உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், எந்தெந்தப் பணிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை, என்னென்ன வசதிகள் தரப்படும் என்பதையும் அதில் சொல்லியாக வேண்டும் என்கின்றன இச்சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகள். அதை இணையதளத்திலோ வளாகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்திலோ வைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியின் தொழிற்சங்கங்களும் பெற்றோரும் ஒவ்வொரு ஆலை வாசலிலும் அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். கொள்கை இல்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.