விதை மட்டும் போதாது

மரநடுகையைப் பற்றி வகுப்பிலே பேசிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வன்னிக் காட்டுப் பாலையும் சிங்கராஜ வனத்து ஹொற மரமும் ஒரே மண்ணில் வளருமா?" என்று வினவினான். மழை, வெயில் என்று விடைகூறத் தொடங்கிய நாம் இடையிலே நிறுத்திக்கொண்டோம். மண்ணுக்குள்ளே வாழும் ஒன்றைச் சொல்லாமல் அவ்விடை நிறைவுறாது. அதற்குள் மணி அடித்துவிட்டபடியால், எஞ்சியதை இங்கே எழுதுகின்றோம்.

காளான் என்று நாம் கண்ணாற் காண்பது பங்கசு என்னும் உயிரின் சிறு பகுதியே. அதன் உடல் நூலிழைகளாய் மண்ணுள் பரந்து கிடக்கின்றது. சில பங்கசுக்கள் உக்கிய இலைகளை உண்டு வாழ்வன. வேறு பல, மரவேரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பன. மரம் இலையில் ஆக்கிய வெல்லத்தைக் கொடுக்கும். பங்கசோ வேர் எட்டாத இடுக்குகளிலிருந்து நீரையும் பொசுபரசையும் நைதரசனையும் கொண்டுவந்து சேர்க்கும். ஜேர்மானிய அறிஞர் பிராங்க் என்பார், நிலத்தடியில் விளையும் விலையுயர்ந்த டிரபிள் காளானைப் பயிரிட வழிதேடப் போய் இவ்வுறவை ஆராய்ந்து, 1885இல் அதற்கு 'பங்கசு வேர்' எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரை இட்டார்.

இவ்வுறவில் இரு பெரும் வகைகள் உண்டு. ஒன்று வேரின் கலங்களுக்குள்ளேயே புகுந்து சிறு மரம்போலக் கிளைவிடும். காளானாக வெளியே தலைகாட்டாது. நுணுக்குக்காட்டியின்றி அதனைக் காணல் அரிது. மற்றது வேர்நுனிக்கு உறை போட்டதுபோலப் போர்த்துக்கொள்ளும். பல வேளைகளில் நிலத்தின்மேல் காளானாகவும் தோன்றும். பாலை, முதிரை, கருங்காலி நிறைந்த நமது வரண்ட காடுகளில் முதல்வகையே பெரிதும் ஆட்சி செய்கின்றது. ஹொற மரத்தின் குடும்பமோ இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மாணவனின் வினாவுக்கு விடை இங்கேதான் தொடங்குகின்றது.

2019இல் வெளியான ஆய்வொன்று, உலகெங்குமுள்ள 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுத் துண்டங்களின் கணக்கிலிருந்து இவற்றின் பரம்பலைப் படமாக்கியது. குளிர்நாட்டுக் காடுகளில் இலை மெல்லவே உக்கும். சத்து அதிலேயே சிறைப்பட்டிருக்கும். உறை போடும் பங்கசுக்கள் பல, அச்சிறையை உடைக்க வல்லன. எனவே அங்கே அவற்றுக்கே செல்வாக்கு. உலக மரங்களில் நூற்றுக்கு 60 அளவில் இவ்வகையோடு வாழ்வன என்றும், ஆனால் தாவர இனங்களுள் நூற்றுக்கு 2 மாத்திரமே அவ்வாறானவை என்றும் அவ்வாய்வு கூறும். வெப்பநாடுகளில் இலை விரைந்து உக்குவதால் மற்ற வகையே மிகுதி. ஹொறவின் குடும்பம் இவ்விதிக்கு அடங்காதது. வெப்பமும் மழையும் மிக்க இடத்திலிருந்தும் குளிர்நாட்டு மரங்களின் வழக்கத்தையே கொண்டிருக்கின்றது. இயற்கை நமது பாடப்புத்தகத்தைப் படிப்பதில்லை!

பங்கசு இல்லாவிட்டால் என்ன நேரும்? கரீபியன் கடலிலுள்ள புவெர்த்தோ ரிக்கோத் தீவிலே இயற்கையாக வளரும் பைன் மரம் இல்லை. 1930களிலிருந்து அங்கே பைன் வளர்க்கப் பலமுறை முயன்றனர். விதை முளைத்தது, கன்றும் எழுந்தது, பின்னர் மஞ்சளித்துக் குன்றி மடிந்தது. எருவையும் மழையையும் குறைகூறிப் பயனில்லை. 1950களின் நடுவிலே, அமெரிக்காவின் வட கரோலினாவில் பைன் மரங்களின் கீழிருந்து மண் எடுத்துவந்து கன்றுகளின் அடியில் இட்டனர். அம்மண் பெற்றவை பச்சை பிடித்து நிமிர்ந்தன. இத்தனை ஆண்டுகளாய் அங்கே இல்லாதிருந்தது அந்த ஒரு பிடி மண்ணிலிருந்த பங்கசே.

காடழிந்த இடத்தில் கன்றுகளை எண்ணி எண்ணி நடும் நம்மவர்கள் இக்கதையை அறிந்திருத்தல் நன்று. இயந்திரத்தால் மேல்மண் வாரப்பட்டு வெயிலில் காய்ந்து கிடக்கும் நிலத்தில் பழைய இழைகள் எவ்வளவு எஞ்சியிருக்கும்? அருகே மூத்த மரங்கள் நின்றால் அவற்றின் வேர்களிலிருந்து புதுக்கன்றுக்கு அவை பரவ இடமுண்டு. ஆதலால் காட்டைத் திருத்தும்போது தாய்மரங்கள் சிலவற்றையேனும் விட்டுவைக்கவேண்டும் என்பதே எமது கட்சி.

மலைநாட்டு மாணவர்கள் இதனைத் தாமே காணலாம். பைன் மரத்தின்கீழ் உதிர்ந்த ஊசியிலைகளை மெல்ல விலக்கி, மேலாக ஓடும் மெல்லிய வேரை நீரில் கழுவிப் பாருங்கள். நுனிகள் கவண்போல இரண்டாகப் பிரிந்து, தடித்துத் தோன்றும். வன்னி மாணவர்கள் பாலையின் வேரைக் கழுவினால் வெறுங்கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. அவர்கள் பாடசாலை நுணுக்குக்காட்டியைத் தூசு தட்டி எடுக்கவேண்டியதுதான்.