இணையம் வராத நாளிலும் கற்றுத் தரலாம்

மாயாபந்தரில் நம்மவர் வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி, “பையனைக் கோடிங் வகுப்பில் சேர்த்தாயிற்றா?” என்பதுதான். நடுநிலை வகுப்புகளிலேயே பிள்ளைகளுக்குப் புரோகிராம் எழுதக் கற்றுத்தர வேண்டும் என்று 2020-ம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை கூறிற்று. அது போதாதா? செல்போன் வழியே பாடம் நடத்துவோர் பெற்றோரை வளைத்துக்கொண்டார்கள். பள்ளிப் பிள்ளைக்குக் கோடி ரூபாய் சம்பளம் காத்திருக்கிறது என்ற தோரணையில் விளம்பரங்கள் வந்தன. அவற்றுள் சிலவற்றை நிறுத்தும்படி விளம்பரத் தரக் கவுன்சிலே அவ்வாண்டு சொல்ல வேண்டியதாயிற்று.

குமாஸ்தாவும் கூலிக்காரரும் கடன் வாங்கியாவது இக்கட்டணத்தைக் கட்டித்தான் தீர வேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் கட்சி.

கட்டினாலும் பாடம் வந்து சேர வேண்டுமே! சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் 10-8-2020 அன்று திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். அப்போது போர்ட் பிளேர் என்றிருந்த ஸ்ரீ விஜயபுரத்துடன் மேலும் ஏழு தீவிடங்களை அது இணைக்கிறது. மாயாபந்தர் அப்பட்டியலில் இல்லை. அருகில் உள்ளவை ரங்கத்தும் லாங் ஐலண்டும்தான். செயற்கைக்கோளை மட்டும் நம்பியிருந்த காலத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆயினும் மழை நாளில் பாதிப் பாடத்தில் வாத்தியார் முகம் திரையில் அசையாமல் நின்றுவிட்டால், கட்டிய பணத்தை யார் திருப்பித் தருவது?

உண்மையில், வலைப்பக்கம் அமைக்கப் பழகுவதற்கு இணையமே தேவையில்லை. பழைய லாப்டாப் ஒன்று இருந்தால் போதும். அதிலுள்ள நோட்பேடில் எழுதி, கோப்பாகச் சேமித்து, பிரவுசரில் திறந்தால் பக்கம் தெரியும். டிம் பெர்னர்ஸ்-லீ முதல் வலைத்தளத்தை அமைக்கப் பயன்படுத்திய எச்.டி.எம்.எல். முறைதான் வளர்ந்து இன்றும் வழங்குகிறது. தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, அட்டவணைக்குச் சில. இருபது குறிகளைப் படிக்க எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலம் போதும். உள்ளே எழுதுவதைத் தமிழிலேயே எழுதலாம், சேமிக்கும்போது யூ.டி.எப்.-8 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் தமிழ் எழுத்துக்குப் பதில் புரியாத குறிகள் வந்து நிற்கும். முதல் நாள் எல்லாரும் இதில்தான் திண்டாடுகிறார்கள்.

புரோகிராம் எழுதவும் அதே பிரவுசர் போதும். 1995-ல் உருவான ஜாவாஸ்கிரிப்ட் அதனுள்ளேயே இருக்கிறது. தமிழ்ச் சொற்களாலேயே கட்டளை எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற மொழியும் உண்டு. பெற்றோருக்குச் சந்தேகம் வந்தால், மாயாபந்தரிலேயே மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி இருக்கிறது. கம்ப்யூட்டர் தெரிந்த மாணவர் ஒருவரை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து, காப்பி கொடுத்துக் கேட்டால் சொல்லமாட்டாரா?

இதனால் நாளையே வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. “எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்லித் தருவேன்?” என்று ஒதுங்கும் தகப்பனாருக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற விடுமுறையில் அங்கே என் அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். எட்டாவது படிக்கும் அக்காள் மகளிடம், “ரயில் கட்டணம் சொல்லும் பக்கம் ஒன்று எழுது” என்றேன். தீவில் ரயில் ஏது? சென்னையில் கப்பலை விட்டு இறங்கினால் எழும்பூருக்குத்தானே ஓடுகிறோம்! விதிகளை நான் சொன்னேன். ஐந்து வயதுக்குக் கீழே, தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. ஐந்து முடிந்து பன்னிரண்டுக்குள் என்றால் படுக்கையின்றி அரைக் கட்டணம். படுக்கை கேட்டால், 2016 ஏப்ரல் முதல், முழுக் கட்டணம். அவள் ‘இப்படியானால் இது, இல்லாவிட்டால் அது’ என்று வரிசையாக எழுதினாள். அவளுக்குப் புரோகிராம் தெரியும், விதி தெரியாது. எனக்கு விதி தெரியும், அரைப்புள்ளி எங்கே வைப்பது என்று தெரியாது.

வயது ஐந்து என்று அழுத்திப் பார்த்தோம். கட்டணம் இல்லை என்று வந்தது. “தப்பாச்சே” என்றேன். ‘ஐந்துக்குக் குறைவு’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஐந்து அல்லது அதற்குக் குறைவு’ என்று எழுதியிருந்தாள். கண்டுபிடிக்க ஒரு மணி நேரமாயிற்று. அத்தனை நேரமும் வீட்டில் இணையம் இல்லை. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

“மாமா, அடுத்தது ரங்கத் பஸ்ஸுக்கு எழுதலாமா?” என்றாள். அந்தக் கட்டண விவரம் எனக்குத் தெரியாது. அவள் அப்பாவுக்குத் தெரியும். அவர் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருந்தோம்.