கையெழுத்துக்கு மட்டும்தானா பள்ளி மேலாண்மைக் குழு?

சேரிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், ‘அரசாங்கம்’ என்றே எல்லோரும் சொல்வார்கள். சட்டம் வேறு பதில் சொல்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, அரசுப் பள்ளியும் உதவிபெறும் பள்ளியும் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த, ஒடுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்களது எண்ணிக்கைக்கேற்ற இடம் தர வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது ஆகியவை இக்குழுவின் வேலைகள்.

வேறுவகையில் சொன்னால், துடைப்பம் பிடிக்கும் தாய்க்கும் தலைமை ஆசிரியரிடம் கணக்குக் கேட்கும் உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது. அந்த உரிமை கைக்கு வந்திருக்கிறதா என்பதே நம் கேள்வி.

நான் குடியிருக்கும் அபிராமபுரத்தை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் அடுக்குமாடி வீடுகள். சற்றுத் தள்ளி பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய குடிசைகளும் வாரியக் குடியிருப்புகளும். அந்த அடுக்குமாடிகளில் பாத்திரம் துலக்குபவர்களும், தெருவைக் கூட்டுபவர்களும், கார் ஓட்டுபவர்களும் இந்தக் குடியிருப்புகளிலிருந்தே வருகிறார்கள். முதலாளி வீட்டுப் பிள்ளை தனியார் பள்ளிக்குப் போகிறது. வேலைக்கார அம்மாவின் பிள்ளை மாநகராட்சிப் பள்ளிக்குப் போகிறது. கட்டணம் கட்டும் பெற்றோர் ஒரு வார்த்தை கேட்டால் பள்ளி நிர்வாகம் உடனே பதில் சொல்கிறது. வரி கட்டும் ஏழைப் பெற்றோர் கேட்டால், “உங்களுக்கு என்னம்மா தெரியும்?” என்ற எதிர்க்கேள்விதான் வருகிறது.

தமிழகத்தில் இக்குழுக்கள் 2022இலும் 2024இலும் மறுசீரமைக்கப்பட்டன. பல இடங்களில் பெற்றோர் ஆர்வத்தோடு வந்தார்கள், பேசினார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டம் வேலைநாளில் பிற்பகலில் நடந்தால் யாரால் வர முடியும்? மூன்று வீட்டில் வேலை பார்ப்பவர் ஒரு நாள் போகாவிட்டால் கூலி போகும். இரண்டு முறை போகாவிட்டால் வேலையே போகும். அதனால் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும். பதிவேடு வீடு தேடி வரும், கையெழுத்து வாங்கிப் போகும். நிறைவேறிய தீர்மானம் எதுவென்று கையெழுத்துப் போட்டவருக்கே தெரியாது. இதைப் பெற்றோரின் அக்கறையின்மை என்று சொல்வது அநியாயம். கூலியையும் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் வைத்தவர்களின் அக்கறையின்மை அது.

இன்னொரு கேள்வியும் உண்டு. குழுவில் பெற்றோர் பெரும்பான்மையாக இருந்துவிட்டால் மட்டும் நீதி கிடைத்துவிடுமா? கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் 2023 செப்டம்பரில், பட்டியலினப் பெண் சமைத்தார் என்பதற்காகக் காலை உணவைத் தம் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே நேரில் செல்ல வேண்டியிருந்தது. அவர்களும் பெற்றோர்தான். பள்ளியில் சாதியைக் காப்பாற்றுவதும் சில வேளை பெற்றோர்தான். எனவே ‘பெற்றோருக்கு அதிகாரம்’ என்ற பொதுப்பேச்சு நமக்குப் போதாது. எண்ணிக்கைக்கேற்ற இடம் என்ற அந்த ஒரு வரிதான் தலித் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு. அந்த வரியைச் சரிபார்க்காமல் அமைக்கப்படும் குழு, ஊர்த்தெருவின் இன்னொரு பஞ்சாயத்தாகவே முடியும்.

தாய் கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலித் மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்ததாகப் புகார் எழுந்து, 2022 டிசம்பரில் தலைமை ஆசிரியை கைது செய்யப்பட்டார். அதை வெளியே கொண்டுவந்தது அதிகாரியின் ஆய்வு அல்ல, ஒரு தாய் கொடுத்த புகார். ‘யார் கழிவறை கழுவுகிறார்கள்?’ என்ற கேள்வி ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் எழுந்தால், பல பள்ளிகளில் காவல் நிலையம் வரை போக வேண்டிய தேவையே இருக்காது.

சென்னைத் தலித் மக்களுக்கு இதனோடு இன்னொரு துயரமும் சேர்ந்திருக்கிறது. பள்ளியைக் கண்காணிக்க, முதலில் அந்தப் பள்ளியின் அருகே வாழ வேண்டும். எங்கள் பகுதியை அடுத்த ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022 ஏப்ரல் இறுதியில் வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். நீதிமன்ற உத்தரவு என்றார்கள், கால்வாய் ஆக்கிரமிப்பு என்றார்கள். அடுத்த மாதமே பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. பிள்ளைகள் படிக்க வேண்டிய நேரத்தில் வீட்டுச் சுவர் விழுந்தது. எதிர்ப்பின் உச்சத்தில் ஓர் உயிர் போன பிறகே, மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே வீடு தரப்படும் என்ற அறிவிப்பு சட்டமன்றத்தில் வந்தது. அதற்கு முன் எத்தனையோ குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டுவிட்டன. ஒரு குடும்பத்தை ஊரின் தென்கோடிக்கு அனுப்பும்போது குழந்தை பள்ளியை இழக்கிறது. தாய் வேலையை இழக்கிறார். குழுவில் இருந்த இடத்தையும் இழக்கிறார். கேள்வி கேட்கப் பழகிய ஒருவரை அப்புறப்படுத்தினால் பள்ளி மீண்டும் கேள்வியற்றதாகிவிடுகிறது. இந்தக் கணக்கை எந்த மறுகுடியமர்வுத் திட்டமும் எழுதுவதில்லை.

நம் முன்னோர் பள்ளிக்காகப் போராடியது இந்த நகரத்தில்தான். 1894இல் அடையாறில் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசர் தமிழை ஆயுதமாக்கி எழுதினார். ஆசிரியராக இருந்த எம்.சி. ராஜா சட்டசபைக்குள் நுழைந்து நம் கல்விக்காக வாதாடினார். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. பள்ளிக்குள் நுழையும் உரிமைக்காக அவர்கள் போராடினார்கள். பள்ளியை நடத்தும் உரிமைக்காக நாம் போராட வேண்டிய காலம் இது. அன்று கதவு மூடியிருந்தது. இன்று கதவு திறந்திருக்கிறது, ஆனால் நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்காதவை. குழு உறுப்பினர் பட்டியலைப் பள்ளி வாசலில் எழுதி வைக்க வேண்டும். பட்டியலினக் குழந்தைகள் எத்தனை பேர், அவர்களின் பெற்றோருக்கு எத்தனை இடம் என்பதும் அதில் இருக்க வேண்டும். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையோ நடத்த வேண்டும். வேலைநாளில்தான் நடத்த முடியும் என்றால் உறுப்பினர்களுக்கு அன்றைய கூலியை அரசு தர வேண்டும். தீர்மானத்தைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு குடியிருப்பை அகற்றுமுன் அங்குள்ள ஒவ்வொரு குழந்தையின் பள்ளியையும் வகுப்பையும் கணக்கெடுக்க வேண்டும். கல்வியாண்டின் நடுவில் யாரையும் அகற்றக் கூடாது. இடம் மாறும் குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும் என்பதும், அது தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பதும் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தினாலே போதும்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவரும் அவரது தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிகளில் சாதி அடையாளங்களை ஒழிக்க அது பல பரிந்துரைகளைத் தந்திருக்கிறது. அவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒவ்வொரு பள்ளிக் குழுவும் ஆண்டுக்கொரு முறையாவது பேச வேண்டும். பேசாவிட்டால் அறிக்கை அலமாரியில்தான் தூங்கும்.

கிராமத்தில் வாழும் வாசகர்களுக்கு இதில் கூடுதல் வாய்ப்பு இருக்கிறது. உங்கள் பள்ளிக் குழுவின் தீர்மானத்தைக் கிராம சபைக்குக் கொண்டுபோக முடியும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று தேதிகள் தெரிந்தவைதான். நகரத்துக்கும் 2022 முதல் பகுதி சபை வந்திருக்கிறது. மாமன்ற உறுப்பினரை அங்கே நேருக்கு நேர் கேட்கலாம். மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதுங்கள். ‘எங்கள் பள்ளிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? கடந்த ஆண்டு எத்தனை முறை கூடியது? எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது?’ என்ற மூன்று கேள்விகள் போதும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்காக, எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை எழுதட்டும். பதில் வந்ததும் அதைக் குடியிருப்பின் நடுவில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மா வெறும் கையெழுத்துப் போட வரமாட்டார். கணக்குக் கேட்க வருவார்.