கைப்பக்குவமாம், கைப்பக்குவம்!

நாலு பேர் கூடிச் சாப்பாட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, அஞ்சாவது நிமிஷம் யாராவது ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டு இந்த வசனத்தை விடுவார். "என்ன இருந்தாலும் எங்கம்மா கைப்பக்குவம் யாருக்கும் வராதுங்க." சுத்தி இருக்கறவங்க எல்லாம் தலையாட்டுவாங்க. நம்ம பதிவுகள்லயும் இதே கதைதான். அம்மா வெச்ச ரசம், ஆத்தா வெச்ச கறிக்குழம்பு, அப்பத்தா வெச்ச கருவாட்டுக் குழம்புன்னு எழுதித் தள்ளியிருக்கோம். படிச்சா எச்சில் ஊறும், கண்ணுல தண்ணி வரும். ஆனா அந்த ரசத்தை எப்படி வெச்சாங்கன்னு தேடினா ஒரு வரி கிடைக்காது. "அது அவங்க கைப்பக்குவம்"னு முடிச்சிருப்பாங்க.

எனக்கு இந்த வார்த்தையைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. ஏன்னு சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.

பத்து வருஷமா எங்க வீட்டுல அடுப்படி என் பொறுப்பு. (வீட்டம்மாவுக்கு ஷிப்ட் வேலை. தியாகம் எல்லாம் ஒண்ணுமில்லை.) வர்ற விருந்தாளிங்க சாப்பிட்டுட்டுக் கேக்கற முதல் கேள்வி, "அட, நல்லாருக்கே! எங்க சார் கத்துக்கிட்டீங்க?" இந்தக் கேள்வியை எங்க மாமியாரைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. அவங்க பண்ணினா கைப்பக்குவம், நான் பண்ணினா கத்துக்கிட்டது. அதே குழம்புதான் மக்களே! அவங்ககிட்ட கேட்டுக் கேட்டு நான் பண்ற அதே குழம்பு!

கல்யாணத்துல ஆயிரம் பேருக்கு சாம்பார் வெக்கிறவரை மாஸ்டர்னு கூப்பிடறோம். தொழில் தெரிஞ்சவர்ங்கறோம், பேசின தொகையை எண்ணி வெக்கிறோம். வருஷம் முழுக்க மூணு வேளையும் பண்றவங்களுக்குக் கிடைக்கிறது பாசம், கைமணம், இன்னொரு தோசை இருக்கான்னு ஒரு குரல். காசு கிடக்கட்டும். அது அறிவுன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவோம்?

அறிவுங்கறதை நான் சும்மா சொல்லலை. தினசரி சமையலோட வித்தை தீபாவளி விருந்துல இல்லை, மாசக் கடைசியில இருக்கு. புளி தீர்ந்து போச்சு, ரெண்டு தக்காளியும் பாதி மாங்காயும் இருக்கு, குழம்பு வெச்சாகணும். எலுமிச்சம்பழம்தான் இருக்குன்னா அடுப்பை அணைச்சப்புறம் பிழியணும், கொதிச்சா கசந்துடும். தக்காளின்னா மசியற வரைக்கும் வதக்கணும். எதைப் போட்டாலும் பருப்பு வெந்தப்புறம்தான். புளிப்பு முன்னாடியே சேர்ந்துட்டா பருப்பு லேசுல வேகாது. மாவு புளிச்சுப் போச்சா, வெங்காயம் பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம், இல்லேன்னா பணியாரம். இட்லி மிஞ்சினா உதிர்த்து உப்புமா. சோறு மிஞ்சினா தண்ணி ஊத்திக் காலையில பழையது. வெயில் காலமா இருந்தா அதையே பிசைஞ்சு மொட்டை மாடியில வத்தல். ரெண்டு பேர் திடீர்னு வந்து நின்னா சாம்பார்ல தண்ணி ஊத்தி, அரிசி மாவைக் கரைச்சு விட்டு, உப்பு காரத்தை மறுபடி பார்க்கணும். ஒவ்வொண்ணும் காரணத்தோட எடுத்த முடிவு. அதுவும் கூடத்துல யாரோ "இன்னுமா ஆகலை?"ன்னு கேட்டுக்கிட்டு இருக்கும்போது எடுத்த முடிவு.

பண்ணினவங்களைக் கேட்டா "இருக்கறதை வெச்சு ஏதோ பண்ணேன்"ம்பாங்க. அந்த "ஏதோ"வை நாம அப்படியே நம்பிடறோம். நம்பறது நமக்கு வசதி.

ஹோட்டல்காரங்க "ஏதோ"ன்னு சொல்றதில்லை, கவனிச்சிருக்கீங்களா? ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அரிசித் தட்டுப்பாடு வந்தப்ப ரவையில இட்லி ஊத்திப் பார்த்தோம், அப்படிப் பிறந்ததுதான் ரவா இட்லின்னு பெங்களூர் எம்.டி.ஆர். இன்னைக்கும் பெருமையா சொல்லுது. சொல்லட்டும், நல்ல இட்லிதான். ஆனா மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துல இருந்து கப்பலேறி வந்த சரக்கு. போர்ச்சுக்கீசியர் 1498ல இந்தியாவுக்கு வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்க் குழம்புல மிளகாயே கிடையாது. மிளகுக்குப் பதிலா இதைப் போட்டா என்ன ஆகும், எவ்வளவு போடணும், வறுத்தா எப்படி, பச்சையா அரைச்சா எப்படின்னு பார்த்துப் பார்த்து ஒரு சமையலையே மாத்தி எழுதினவங்க வீட்டு அடுப்புக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தவங்க. அவங்க பேர் எங்கேயும் இல்லை. இன்னைக்கு அதுக்குப் பேர் பாரம்பரியம்.

"அதெல்லாம் சரிப்பா, அவங்க கண்ணளவுல போடறாங்க, அதை எப்படிச் சொல்லித் தர முடியும்?" இதுதான் பெரிய வாதம். சுத்தப் பொய். உளுந்து மாவை ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணியில போடுங்க, மிதந்தா வடை தட்டலாம், முழுகினா இன்னும் ஆட்டணும். அதிரசப் பாகைத் தண்ணியில விட்டா உருட்ட வரணும். கடலை மிட்டாய்ப் பாகை உருட்டிக் கிண்ணத்துல போட்டா டங்குன்னு சத்தம் கேக்கணும். ரசம் நுரை கட்டினா இறக்கணும். குழம்புல பச்சை வாசனை போய் எண்ணெய் பிரியணும். அரிசிக்கு மேல ஒரு விரல்கணு தண்ணி. கண், மூக்கு, காது, விரல்னு எல்லாத்துக்கும் சோதனை வெச்சிருக்காங்க! பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்துல இதையே பண்ணினா விஞ்ஞானம். எஸ். மீனாட்சி அம்மாள் 1951லயே 'சமைத்துப் பார்'னு புத்தகமாப் போட்டு, கைப்பக்குவம்னு சொன்னதை எல்லாம் அளவோட எழுதிக் காட்டிட்டாங்க. அதைப் பார்த்து எத்தனையோ புதுக் குடித்தனங்கள் சமைச்சுச் சாப்பிட்டிருக்கு.

இன்னொண்ணு. சமைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் கைப்பக்குவம்ங்கற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதேயில்லை. திண்டுக்கல்ல மாமியார் வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு மேல கிண்ணம் போகும், கிண்ணம் வரும். (வர்ற கிண்ணம் வெறுங்கிண்ணமாத் திரும்பிப் போகக் கூடாது, அது அந்தத் தெருச் சட்டம்.) கூடவே பேச்சும் வரும்.

"ஏக்கா, நேத்துக் குழம்புல புளிப்புக்கு என்ன போட்டீங்க?"

"மாங்கா வத்தல்டி."

"ஊற வெச்சா?"

"ஆமா, வெந்நீர்ல. பருப்பு மசிஞ்சப்புறம் போடு. உப்பைக் குறைச்சுக்க, வத்தல்லயே உப்பு இருக்கு."

முடிஞ்சுது பாடம். ஒரு நிமிஷம் கூட ஆகலை. கைப்பக்குவம்னு சொல்றது எப்பவும் சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போறவங்க. சொல்லித் தரவே முடியாத வித்தைன்னு ஆக்கிட்டா கத்துக்க வேண்டிய அவசியமில்லை பாருங்க! தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ல எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்குல, வீட்டுக்காகச் சம்பளமில்லாம வேலை பார்க்கிற பெண்கள் நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் வேலையில கை வெச்ச ஆண்கள் நூத்துக்கு 26 பேர்தான், பெண்கள் 81. இது சமையல் மட்டுமில்லை, பாத்திரம், துணி, பெருக்கறது எல்லாம் சேர்த்து. ஆனா பெரும்பங்கு எதுன்னு உங்க வீட்டைப் பார்த்தே தெரிஞ்சுக்கலாம்.

எழுதி வெச்சா எல்லார் வீட்டு ருசியும் ஒண்ணாயிடும்னு ஒரு நண்பர் கவலைப்பட்டார். ஒரே வாத்தியார்கிட்ட எழுத்துப் படிச்ச நாப்பது பேரோட கையெழுத்தும் ஒண்ணாவா இருக்கு?

சொந்தத்துல ஒரு பெரியம்மா இருந்தாங்க. அவங்க போடற பூண்டு ஊறுகாய் ஒரு வருஷம் ஆனாலும் நிறம் மாறாது. மூணு பொண்ணு, ரெண்டு பையன். எல்லாரும் ஊருக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு பாட்டில் கட்டி வாங்கிட்டுப் போவாங்க, கைப்பக்குவத்தைப் புகழ்ந்துட்டு. பெரியம்மா போய் ஆறு வருஷமாச்சு. இப்பவும் எந்த விசேஷத்துல சந்திச்சாலும் "அந்த ருசி அம்மாவோட போச்சு"ன்னு மூக்கை உறிஞ்சறாங்க. எனக்குப் பாவமா இல்லை. நாப்பது வருஷம் இருந்துச்சு. எண்ணெயை ஆற வெச்சு ஊத்துவாங்களா, சூடா ஊத்துவாங்களா, பூண்டை எவ்வளவு நேரம் வதக்குவாங்கன்னு பக்கத்துல நின்னு ஒரு தடவை பார்த்திருக்கலாம். பெரியம்மா ஒண்ணும் மறைக்கிற ஆளில்லை. கேக்கத்தான் ஆளில்லை.

கேக்கறதுக்கும் ஒரு வழி இருக்கு. "எத்தனை ஸ்பூன்?"னு கேட்டா "போடுவேன், அளவா"ன்னுதான் பதில் வரும். "எப்ப நிறுத்துவீங்க? என்ன வாசனை வரணும்? தண்ணியாயிட்டா என்ன பண்ணுவீங்க? அது இல்லேன்னா வேற என்ன போடுவீங்க?"ன்னு கேளுங்க, கொட்டும். நோட்டும் பேனாவுமா எதிர்ல போய் உட்காராதீங்க, வெக்கப்பட்டுக்கிட்டு வாயே திறக்க மாட்டாங்க. சின்ன வெங்காயம் ஒரு கால் கிலோவை எடுத்து உரிச்சுக்கிட்டே கேளுங்க. உரிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு குழம்பு வந்துடும்.

டிஸ்கி: கேட்டுட்டு வந்து பதிவாப் போடுங்க. கடைசி வரியில கைப்பக்குவம்னு முடிச்சிருந்தீங்கன்னா பின்னூட்டத்துல வந்து கும்மிடுவேன், சொல்லிட்டேன் :-)