பழையது வேறு, பழுது வேறு

2024 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, இவனுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கணும். 72 ஆயிரம் ஆவுமாம். என் வளையல் ரெண்டை வெச்சு எடுத்துடலாம்னு பாக்கறேன்."

பேரனுக்கு அப்போது பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்திருந்தான். அடுத்த மாதம் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த நேரத்தில் வளையல் அடகுக் கடைக்குப் போவதா? அதுவும் விளையாட்டுக்காகவா?

"விளையாட்டே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே" என்று உங்களில் பாதிப் பேர் இப்போதே முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நான் சொல்லவில்லை. அவனுடைய வகுப்புத் தோழர்கள் ஆளுக்கொரு ஊராகப் பிரியப் போகிறார்கள். இனி அவர்கள் ஒன்றுகூடப் போவது அந்தத் திரையில்தான். நாம் கடற்கரையில் உட்கார்ந்து பேசியதும், மாலையில் பெத்தாங் குண்டு உருட்டியதும் எதற்காக? ஆகவே விளையாட்டைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. அந்த 72 ஆயிரத்தைப் பற்றித்தான் சண்டை.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. 2014இல் நான் வாங்கியது. இந்தப் பக்கங்களை எல்லாம் அதில்தான் தட்டச்சு செய்தேன். அதைத் தூக்கிக்கொண்டு பேரனுடன் நம்மூர்க் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரத் தம்பி மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"இது நாலாவது ஜெனரேஷன் சார். குப்பை. இதுல காசு போடாதீங்க, புதுசா எடுத்துடுங்க."

"ஏன்?" என்றேன்.

"ஓல்டு சார்."

அது காரணம் ஆகுமா? நான் படித்தது பிரெஞ்சு வழியில். கணக்கு வாத்தியார் ஒவ்வொரு கேள்வியின் கீழும் கரும்பலகையில் ஒரு வார்த்தை எழுதுவார்: "ஜுஸ்திஃபியே." விடைக்குக் காரணம் காட்டு என்று பொருள். விடை சரியாக இருந்து காரணம் இல்லையென்றால் பாதி மதிப்பெண் போய்விடும். அன்று அவரைத் திட்டாத பையன் கிடையாது. பிறகு அரசாங்க வேலைக்கு வந்தேன். அங்கேயும் அதே பாடம்தான். ஒரு ஓட்டை நாற்காலியைக் கழிப்பதாக இருந்தாலும், அது ஏன் உதவாது என்ற காரணத்தைக் கோப்பில் பதிவு செய்ய வேண்டும் என்று பொது நிதி விதிகள் சொல்கின்றன. வெறுமனே "பழையது" என்று குறிப்பு வைத்தால் மேலதிகாரி கோப்பைத் திருப்பி அனுப்புவார். அப்படித் திரும்பி வந்த கோப்புகளோடு முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். ஒரு நாற்காலிக்கு இருக்கும் இந்த மரியாதை, என் சொந்தக் காசில் வாங்கிய கம்ப்யூட்டருக்கு இல்லையா?

வீட்டுக்குத் திரும்பியதும் பேரனை உட்காரவைத்து, அலுவலகப் பாணியில் ஒரு குறிப்புத் தாள் போட்டோம். பொருள், குறை, பரிகாரம், செலவு என்று நான்கு பத்திகள். கம்ப்யூட்டருக்குள்ளேயே டாஸ்க் மேனேஜர் என்று ஒன்று உண்டு. எந்த உறுப்பு எவ்வளவு திணறுகிறது என்று அதுவே காட்டிவிடும். கம்ப்யூட்டரைப் போட்டு, நாலைந்து வேலைகளை ஒன்றாகத் திறந்து பார்த்தோம். ஹார்ட் டிஸ்க் 100 சதவீதம். ராம் 94 சதவீதம். பிராசஸரோ 30 சதவீதத்தைத் தாண்டவில்லை! "குப்பை" என்று பெயர் வாங்கியது ஐ5-4570 என்ற அந்தப் பிராசஸர்தான். அது பாதி வேலைகூட இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. திணறியவர்கள் வேறு ஆட்கள்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இதே கதையாக இருக்கலாம்.

முதலாவது ஹார்ட் டிஸ்க். உள்ளே தட்டு சுழன்று, முள் நகர்ந்து தேடும் பழைய வகை. அதற்குப் பதிலாகச் சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டால் போதும். பழைய டெஸ்க்டாப்பிலும் அதே சாட்டா வயரில் பொருந்தும். கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடும் வழக்கம் எனக்கு அன்றோடு போனது.

இரண்டாவது ராம். இருந்தது 4 ஜி.பி. மட்டுமே. அதை எடுத்துவிட்டு, ஒரே மாதிரியான இரண்டு 8 ஜி.பி. பட்டைகள் போட்டோம். ஒரே பட்டையாகப் போடுவதைவிட ஜோடியாகப் போட்டால் வேகம் கூடும். அந்தக் கால இயந்திரங்களுக்கு டி.டி.ஆர்.3 வகைதான் பொருந்தும். புதிய டி.டி.ஆர்.4 வாங்கி வந்தால் செருகவே முடியாது.

மூன்றாவது கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டுக்கு இதுதான் உயிர். எங்களுடையதில் தனிக் கார்டு கிடையாது. பிராசஸருக்குள் இருக்கும் சிறு பகுதியே படம் வரைந்துகொண்டிருந்தது. மதர்போர்டில் உள்ள நீளமான செருகுவாய் 75 வாட் வரை மின்சாரம் தரும். அதற்குள் அடங்கும் கார்டாகப் பார்த்து வாங்கினால் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்ற வேண்டியதில்லை. 2016இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. அப்படிப்பட்டது. அதன் சாதாரண மாடல்களுக்குத் தனி மின்வயர் தேவையில்லை. பேருந்து ஏறி, சென்னை ரிச்சி தெருவில் பழையது ஒன்று வாங்கினோம்.

வாங்குவதில் இரண்டு எச்சரிக்கை. ஜி.டி. 1030 என்ற சிறிய கார்டு ஒரே பெயரில் இரண்டு விதமாக விற்கப்பட்டது. டி.டி.ஆர்.4 நினைவகம் உள்ளது, ஜி.டி.டி.ஆர்.5 உள்ளதைவிட மிகவும் மந்தம். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். மற்றொன்று, அதரப் பழைய கார்டுக்குள் மென்பொருளை மாற்றி, 1050 டி.ஐ. என்று பொய்ப் பெயர் காட்டும்படி செய்து விற்கிறார்கள். ஜி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருள் இந்தத் திருட்டைக் காட்டிக்கொடுக்கும். அதைப் போட்டுப் பார்த்து, கடையிலேயே அரை மணி நேரம் ஒரு விளையாட்டை ஓடவிட்டு, திரையில் கோடு விழாததைப் பார்த்த பிறகே நான் பணத்தை எடுத்தேன். கடைக்காரர் முகம் சுளித்தார். சுளிக்கட்டுமே.

கணக்கு இதோ. ராம் 1,600 ரூபாய், 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 2,900, கார்டு 5,500. பிராசஸர் தலையில் காய்ந்துபோயிருந்த பசையை மாற்றவும், தேதி மறந்துபோகும் போர்டுக்குப் புது பட்டன் பேட்டரி போடவும் 150. தூசி தட்டி எல்லாவற்றையும் மாட்டிக்கொடுத்த மெக்கானிக் தம்பிக்கு 350. ஆக மொத்தம் 10,500. அந்த 72 ஆயிரத்தில் ஆறில் ஒரு பங்குகூட வராது.

ஓடுகிறதா என்று கேட்பீர்கள். பேரன் ஆசைப்பட்ட ஜி.டி.ஏ. 5 கம்ப்யூட்டருக்கு வந்தது 2015இல். அதைத் தயாரித்தவர்களே பரிந்துரைத்த பிராசஸர் ஐ5-3470. எங்களுடையது அதற்கும் அடுத்த தலைமுறை! நண்பர்களோடு ஆடும் வேலரன்ட் இன்னும் இலகுவானது. எங்கள் பழைய மானிட்டர் 1600க்கு 900 புள்ளிகள்தான். அதுவும் நல்லதாகவே முடிந்தது. வரைய வேண்டிய புள்ளிகள் குறைந்தால் கார்டுக்குச் சுமை குறைவு. "தாத்தா, ஜம்முனு ஓடுது" என்றான். அவன் வாயால் கேட்டபிறகுதான் மகள் பீரோவைப் பூட்டினாள்.

நியாயமாக எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். எல்லாம் இதில் ஓடாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு, ஒளிக்கதிரைக் கணக்கிடும் வசதி உள்ள கார்டு இல்லாமல் திறக்கவே திறக்காது. அலுவலகங்களில் கழித்துவிடும் ஒல்லிப் பெட்டிகளில் குட்டைக் கார்டு மட்டுமே நுழையும், அவற்றின் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அந்தக் கம்பெனிக்கே உரியதாக இருக்கும். மதர்போர்டு செத்துப்போனால் மூட்டைகட்ட வேண்டியதுதான். ரிப்பேர்ச் செலவு புதியதின் விலையில் பாதியைத் தாண்டினால் நானும் புதியதையே வாங்கச் சொல்வேன். ஆனால் பாருங்கள், இவை ஒவ்வொன்றும் ஒரு காரணம். "ஓல்டு சார்" என்பது காரணம் இல்லை.

இந்த வியாதி கடைக்காரத் தம்பியிடம் தொடங்கவில்லை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாவது தலைமுறையாகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். நன்றாக ஓடும் இயந்திரத்துக்கு ஒரே நாளில் ஓய்வு ஆணை! தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். நாங்கள் பதிந்துவிட்டோம். அதற்குப் பிறகு இலவச லினக்ஸ் இருக்கிறது. அதில் ஸ்டீம் மூலம் பல விண்டோஸ் விளையாட்டுகள் ஓடும். வேலரன்ட் மட்டும் ஓடாது. அதைப் பேரனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

நம் ஊரில் பலருக்குப் பிள்ளைகளோ தம்பிகளோ பிரான்சில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பது அங்கே 2015 முதல் குற்றம். இரண்டாண்டுச் சிறையும் 3 லட்சம் யூரோ அபராதமும் விதிக்கலாம். 2021 முதல் மடிக்கணினி போன்றவற்றின் மேல், அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும். இங்கே மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் திறந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் கடையில் பொருள் மேல் அந்த மதிப்பெண் ஒட்டப்படும் நாள் வந்தால்தான் நம்மைப் போன்றவர்களுக்குப் பயன். அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்.

ஓய்வூதியக்காரர்களே, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வந்து "இது உதவாது, புதுசு வாங்கணும்" என்றால் உடனே பாஸ்புக்கை எடுக்காதீர்கள். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லுங்கள். எது திணறுகிறது என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். காரணம் சரியாக இருந்தால் தாராளமாக வாங்கிக்கொடுங்கள்.

பேரன் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பகலில் அவன் இல்லாத நேரத்தில், அதே கம்ப்யூட்டரில்தான் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். வளையல் இரண்டும் மகள் கையில் இருக்கின்றன.